சரிவு விளக்குக்கு ஒரு செந்தூரப் பொட்டு

ஷால்டாங்காவில் விசுவகர்மா பூஜையன்று எல்லோரும் வானத்தைப் பார்த்தபடியே நடப்பதால், யார் காலை யார் மிதித்தாலும் அன்றைக்குச் சண்டை வருவதில்லை. மொட்டை மாடிகளிலும் ஆற்று மணலிலும் நின்றுகொண்டு ஊரே பட்டம் விடும். ஒரு பட்டத்தின் நூல் அறுபடும்போதெல்லாம் “போ-காட்டா!” என்ற கூச்சல் தெருவுக்குத் தெரு தாவிப் போகும். விமான நிலையத்தின் பக்கம் மட்டும் வானம் வெறுமையாகக் கிடந்தது. நிலைய மேலாளர் சான்யால் ஒரு வாரமாகப் பள்ளிக்கூடம், சந்தை, தேநீர்க்கடை என்று ஒன்று விடாமல் ஏறி இறங்கி, காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி, பட்டக்காரர்கள் அனைவரையும் ஆற்றுக்கு அக்கரையில் நிறுத்தியிருந்தார்.

அந்த வெற்று வானத்தின் கீழே, மின்பிரிவுக் கொட்டகை முன் போட்டிருந்த பந்தலில், ஜூதிகா பர்மன் வாழைக்கன்று ஒன்றைக் கம்பத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். ஓடுபாதை விளக்குகளுக்குப் பொறுப்பான எலக்ட்ரீசியன் அவள். வழக்கமான சீருடைக்குப் பதிலாக இன்று சிவப்புக் கரை போட்ட வெள்ளைப் புடவை.

ஓடுபாதையின் இரு கரையிலும் அந்த விளக்குகளைப் பதித்து இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. பதித்த நாளிலிருந்து அவள்தான் அவற்றைப் பார்த்துக்கொள்கிறாள். கம்பி எந்த இடத்தில் ஈரம் கோக்கும், எந்த விளக்கின் மூடிக்குள் எறும்பு குடியேறும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் அந்த விளக்குகளை நம்பி ஒரு விமானம்கூட இதுவரை இறங்கியதில்லை. ஷால்டாங்காவுக்கு வரும் ஒரே விமானம் உச்சிவெயிலில் வந்து, உச்சிவெயிலிலேயே திரும்பிவிடும். இருட்டியபின் விமானம் வந்துபோக அனுமதி வேண்டுமென்றால், தலைநகரிலிருந்து ஒரு சோதனை விமானம் வந்து, விளக்குகளை வானத்திலிருந்தே பார்த்து, சரி என்று சொல்ல வேண்டும். வருகிறோம் என்று இருமுறை தகவல் வந்தது. இருமுறையும் மழை வந்தது, விமானம் வரவில்லை. ஆகவே ஜூதிகா மாலைதோறும் விளக்குகளை எரியவிட்டு, ஓடுபாதையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, பிறகு அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

வேலியோரம் மாடு ஓட்டிவருகிறவர்களுக்கு இது அன்றாட வேடிக்கை; அவர்கள் வாயில் அவள் ‘ஜூதிகாதி’, அதாவது ஜூதிகா அக்கா.

“என்ன ஜூதிகாதி, ஓடுபாதை கல்யாணப் பந்தலாட்டம் ஜொலிக்குது. இன்னிக்கும் மாப்பிள்ளை வரலையா?”

“வழியில டீ குடிக்க எறங்கியிருக்கான். வருவான், வருவான்.”

“ரெண்டு வருஷமாவா டீ குடிக்கிறான்?”

இதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்றும் அவர்களுக்கு உண்டு. ஓடுபாதை தொடங்கும் இடத்தில், இடப்பக்கமாக, நான்கு பெட்டிகள் வரிசையாக நிற்கும். சரிவு விளக்குகள் என்று அவற்றுக்குப் பெயர். ஒவ்வொரு பெட்டியும் மேலே வெள்ளையாகவும் கீழே சிவப்பாகவும் ஒளி வீசும். ஒவ்வொன்றும் பக்கத்துப் பெட்டியைவிட ஒரு மயிரிழை கூடுதலாக நிமிர்ந்திருக்கும். இறங்குகிற விமானம் சரியான சரிவில் வந்தால் விமானியின் கண்ணுக்கு இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு. அளவு மீறி உயரத்தில் வந்தால் நான்கும் வெள்ளை. தாழ்ந்துபோனால் நான்கும் சிவப்பு. கோணமானி வைத்து இந்தச் சாய்வை அளந்து முடுக்கிய பிறகும் ஜூதிகாவுக்கு மனம் ஆறாது. ஒவ்வொரு பெட்டிக்கும் முன்னால் புல்லில் ஓர் இரும்பு முளை அடித்து வைத்திருந்தாள். அந்த முளைமேல் பாதம் படும்படி குந்தி உட்கார்ந்து, பெட்டியைப் பார்த்தபடியே மெல்ல எழுவாள். குந்தியிருக்கும்போது சிவப்பு, எழ எழ ஓரிடத்தில் சட்டென்று வெள்ளை. முதல் பெட்டி அவளுடைய முழங்கால் பாதி நிமிரும்போதே வெளுக்கும். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இன்னும் கொஞ்சம் நிமிர வேண்டும். ஓடுபாதையை ஒட்டிய நான்காவது பெட்டி, அவள் நுனிக்காலில் எம்பினால்தான் வெளுக்கும். பிள்ளையார் முன் தோப்புக்கரணம் போடுவதுபோல நான்கு பெட்டிக்கும் உட்கார்ந்து எழுந்து அவள் நகர்வதைப் பார்த்து வேலிக்கு வெளியே எண்ணிக்கை சொல்லவும் ஆள் இருந்தது.

அந்தக் கிண்டலெல்லாம் அவளைத் தொட்டதில்லை. போன மாதம் வந்த மாற்றல் உத்தரவுதான் தொட்டது. அடுத்த மாதம் வரும் பூஜை விடுமுறை முடிந்ததும் அவள் பெரிய நகரத்து விமான நிலையத்தில் சேர வேண்டும். எல்லோரும் வாழ்த்தினார்கள், சம்பளமும் கூடுதல். ஜூதிகா மட்டும் அன்று மாலை விளக்குகளை அணைக்கக் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டாள். ஒரே ஒரு விமானம். அது தன் விளக்குகளைப் பார்த்து இறங்குவதைத் தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும். அதற்குப் பிறகு எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

வாழைக்கன்றைக் கட்டி முடிப்பதற்குள் சான்யால் ஓடிவந்தார். குர்த்தாவின் பொத்தான்கள் ஒன்று மாற்றி ஒன்றில் நுழைந்திருந்தன.

“வருது! சோதனை விமானம் வருது! இன்னிக்கு சாயங்காலம்!”

பந்தலில் இருந்தவர்கள் கையில் இருந்ததைக் கீழே வைத்தார்கள். மூத்த எலக்ட்ரீசியனும் பூஜைக் குழுவின் செயலாளருமான நிமாய் மட்டும் சாமி சிலையின் யானை வாகனத்துக்கு மாலை போடுவதை நிறுத்தவில்லை.

“இன்னிக்கு எப்படி சார் வரும்? இன்னிக்குப் பூஜை.”

“விமானத்துக்கு எப்படிய்யா தெரியும் பூஜைன்னு?”

“பஞ்சாங்கம் பார்க்கத் தெரியாதவங்க எதுக்கு வானத்துல பறக்கணும்?”

“அவங்க போக வேண்டிய ஊர்ல கொட்டுற மழையாம். நாள் வீணாப் போகக் கூடாதுன்னு இங்க திரும்பியிருக்காங்க. இதை விட்டா குளிர்காலப் பனி முடிஞ்சு பங்குனிக்குத்தான் வருவாங்களாம்.” சான்யால் மூச்சு வாங்கினார். “ஜூதிகா, விளக்கெல்லாம் தயாரா?”

பங்குனிக்கு அவள் இங்கே இருக்கப்போவதில்லை. ஜூதிகா வாழை நாரைக் கையில் சுற்றிக்கொண்டே சிரித்தாள். “முந்தாநாளே எல்லாக் கோணத்தையும் அளந்து முடுக்கிட்டேன் சார். ஸ்விட்சைப் போட வேண்டியதுதான் பாக்கி.”

நிமாய் இப்போது திரும்பினார். பந்தலுக்குள் சாமியின் காலடியில், மின்பிரிவுக்குச் சொந்தமான கருவிகள் அத்தனையும் கழுவித் துடைத்து அடுக்கப்பட்டிருந்தன: இடுக்கிகள், திருப்புளிகள், சோதனை மீட்டர்கள், செவ்வந்தி மாலை போட்ட ஏணி, கண்ணாடி துடைக்கும் திரவப் புட்டி. நடுவில், சாமியின் கையிலிருந்த மண்பட்டத்துக்கு நேர் கீழே, சிவப்பு நூல் சுற்றிய கோணமானி. பூஜை ஆரம்பித்தால் மறுநாள் காலை சிலையை ஆற்றில் கரைக்கும்வரை ஒரு கருவியையும் யாரும் தொடக் கூடாது. வருடம் முழுக்க உழைத்த கருவிக்கு ஒரே ஒரு நாள் ஓய்வு. ஷால்டாங்காவில் சைக்கிள் கடைக்காரன்கூட அன்றைக்குக் காற்றடிக்க மாட்டான்.

“ஸ்விட்சு கருவியில்லையா?” என்று கூட்டத்திலிருந்து யாரோ கேட்டார்கள்.

நிமாய் யோசித்தார். “வீட்டுலயும்தான் ஸ்விட்சு இருக்கு. அதைப் போடுறோமே. விளக்கேத்துறது பூஜையோட சேர்த்தி. ஆனா திருப்புளியைத் தொட்டா நான் பொறுப்பில்ல. போன வருஷம் அரிசி மில்லுல ஒருத்தன் பூஜையன்னிக்கு ஸ்பேனரைத் தொட்டான். ஒரே வாரத்துல மாமியார் பெட்டி படுக்கையோட வந்து எறங்கிட்டாங்க.”

“விருந்துக்கா?”

“நிரந்தரமா.”

கூட்டம் அந்தக் கருவியின் வலிமையை மரியாதையோடு ஒத்துக்கொண்டது.

உண்மையில் ஜூதிகாவின் பூஜை விடிந்தும் விடியாமலும் முடிந்திருந்தது. செந்தூரத் தட்டோடு ஜீப்பில் போய், மின்னாக்கி, மின்மாற்றி, கம்பிப் பெட்டிகள் என்று ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு வந்திருந்தாள். பொட்டு உதிராமலிருக்க எண்ணெயைத் தாராளமாக விட்டுக் குழைக்கச் சொன்னவர் நிமாய்தான். சரிவு விளக்குகள் நான்கும் அவளுடைய செல்லங்கள் என்பதால், கண்ணாடிக்கு மேலே நெற்றிபோல நீண்டிருக்கும் தகட்டில் கட்டைவிரலால் அழுத்திப் பெரிய பெரிய பொட்டாக இட்டாள். நான்கும் நிச்சயதார்த்தத்துக்கு உட்கார்ந்த பெண்களைப் போல இருந்தன.

பூஜை நடந்தது. புரோகிதர் மந்திரம் சொன்னார், சங்கு ஊதினார்கள், பெண்கள் குலவையிட்டார்கள். பந்தலின் பின்புறம் ஊருக்கே சமைத்துப் போடும் சித்தியான ரேணு மாஷி, அரிசியும் பருப்பும் குழைத்த கிச்சுரிக்கு அடுப்பு மூட்டினாள். செய்தி எப்படிப் பரவியதோ, ஆற்றுக்கு அக்கரையில் பட்டம் விட்டவர்களில் பாதிப் பேர் நூல்கண்டைச் சுற்றிக்கொண்டு வேலியோரம் வந்துவிட்டார்கள். வெயில் சாயத் தொடங்கியதும் ஜூதிகா விளக்குகளை எரியவிட்டாள். இரண்டு கரையும் ஒளிர்ந்தன. ஓடுபாதைத் தலைப்பில் நான்கு பெட்டிகளும் கண் திறந்தன. அவள் கையில் வாக்கிடாக்கியோடு கொட்டகை வாசலில் நின்றாள்.

தெற்கே ஒரு புள்ளி. புள்ளி இறக்கை விரித்தது. சிறிய வெள்ளை விமானம் ஒன்று சாய்வாகத் தணிந்து வந்து, ஓடுபாதையைத் தொடாமல் உறுமிக்கொண்டு தலைக்கு மேலே கடந்து போனது. வேலியோரம் கைதட்டல் எழுந்தது.

கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவன் பெம்பா தமாங். மலைக்காரன். எந்த நேரமும் வாயில் ஒரு சிரிப்பை அடக்கி வைத்திருப்பவன். ஜூதிகாவை அக்கா முறையில் ‘திதி’ என்பான். வாக்கிடாக்கியில் இப்போது அவன் குரலில் அந்தச் சிரிப்பு இல்லை.

“திதி, கேப்டன் ஏதோ சொல்றாங்க. நான் சொல்றதைவிட நீங்களே கேட்டுடுங்க.”

கரகரப்புக்கு நடுவே ஒரு பெண் குரல் வந்தது. கேப்டன் தேஷ்பாண்டே. “ஷால்டாங்கா, என் கருவி நான் சரியான சரிவுல வர்றேன்னு சொல்லுது. உங்க விளக்கு நான் நெல்லு வயல்ல எறங்கப்போறேன்னு சொல்லுது. எனக்கு ரெண்டு வெள்ளை, ரெண்டு சிவப்பு தெரியணும். தெரியறது ரெண்டு சிவப்பு, ரெண்டு ரோஸ். வெள்ளையே இல்ல. உங்க பெட்டியெல்லாம் சாய்வு மாறிக் கெடக்கு. நான் ஒரு வட்டம் போட்டுட்டு வர்றேன், அதுக்குள்ள கோணத்தைச் சரி பண்ணுங்க. முடியலைன்னா கிளம்பிடுவேன்.”

ரோஸ் என்பது சிவப்பும் வெள்ளையும் மாறுகிற எல்லையில் தோன்றும் நிறம். இரண்டு பெட்டிகளிலும் ரோஸ் என்றால் இரண்டும் நிமிர்ந்துவிட்டன என்று பொருள். ஆனால் முந்தாநாள்தானே ஜூதிகா அளந்தாள்? நேற்று மாலைகூட உட்கார்ந்து எழுந்து பார்த்தாளே?

சான்யால் ஏற்கெனவே பந்தலுக்குள் பாய்ந்திருந்தார். கோணமானியை நோக்கி நீண்ட அவர் கைக்கும் சாமிக்கும் நடுவில் நிமாய் இரண்டு கைகளையும் விரித்து நின்றார்.

“தொடாதீங்க சார்!”

“வழி விடு நிமாய். மேலே விமானம் சுத்திக்கிட்டிருக்கு.”

“சுத்தட்டும். சாமி ஒக்காந்திருக்கார்.”

“அந்த சாமிதானே உலகத்துல எல்லாத்தையும் கட்டினவர்? ஒரு ஸ்க்ரூ திருகினா கோவிச்சுக்குவாரா?”

“அவர் கோவிச்சுக்க மாட்டார் சார். கருவி கோவிச்சுக்கும்.”

இரண்டு பேரும் ஜூதிகாவைப் பார்த்தார்கள். தீர்ப்பு அவளிடம் வந்துவிட்டது. அவள் குனிந்தாள். சிவப்பு நூலில் அவள் விரல் பட்டது. இழுத்தால் அவிழ்ந்துவிடும் முடிச்சு. காலையில் அவளே போட்டது. விரல் அங்கேயே நின்றது. அச்சம் இல்லை என்று சொல்ல முடியாது; மாமியார் விஷயத்தில், அவள் அண்ணனாக மதிக்கும் நிமாய்தா பொய் சொன்னதில்லை. ஆனால் அவளை நிறுத்தியது வேறொன்று. கோணம் சரியாக இருந்தது என்று அவள் முழங்கால்களுக்குத் தெரியும். சரியாக இருப்பதை அவசரத்தில் திருகினால், கெடுவது அப்போதுதான்.

“வேணாம் சார்,” என்று நிமிர்ந்தாள். “முதல்ல போய்ப் பார்ப்போம். என்னன்னே தெரியாம திருப்புளியை எடுத்து என்ன பண்றது? நிமாய்தா, ஜீப்பை எடுங்க.”

“ஜீப்பு கருவி...” என்று யாரோ ஆரம்பித்தார்கள்.

“ஜீப்பு வாகனம்,” என்றார் நிமாய் சாவியை எடுத்துக்கொண்டே. “சாமிக்கே யானை இருக்கு.”

நான்கு பெட்டிகளுக்கு முன்னால் ஜீப் நின்றதும் ஜூதிகா குதித்து இறங்கினாள். முதல் பெட்டியின் முன்னால் போய்க் குனிந்தாள். அப்படியே புல்லில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள்.

நிமாய் பதறினார். “என்னம்மா? ஏன் சிரிக்கற? ஜூதி!”

“நீங்களே பாருங்க, நிமாய்தா.”

விளக்கு எரிந்த சூட்டில், மாலை வெயிலும் சேர்ந்துகொள்ள, தகட்டின் நெற்றியில் இட்ட பொட்டு இளகி உருகி, எண்ணெயும் செந்தூரமுமாகக் கண்ணாடி முழுவதும் வழிந்திருந்தது. நான்கு பெட்டிகளுமே அப்படித்தான். அழுதழுது குங்குமம் கலைந்த நான்கு மணப்பெண்கள். உள்ளேயிருந்து வரும் சிவப்பு அந்தப் பூச்சைக் கடந்து சிவப்பாகவே போனது. வெள்ளை மட்டும் ரோஸாகிப் போனது.

நிமாய் தலையில் கை வைத்தார். “எண்ணெயைத் தாராளமா விடுன்னு நான்தானே சொன்னேன்!”

“பொட்டு பெருசா இருக்கணும்னு யாரு நினைச்சது? நான்தான்.” வாக்கிடாக்கியை எடுத்தாள். “பெம்பா, கோபுரத்து ஸ்விட்சுல சரிவு விளக்கை அணைச்சுடு, கண்ணாடி சுடுது.”

விளக்குகள் அணைந்தன. கொஞ்சம் ஆறியதும் அவள் புடவை முந்தானையைச் சுருட்டித் துடைத்தாள். வழிந்திருந்த பூச்சு கண்ணாடி முழுக்கச் சீராகப் பரவி, முன்னைவிட அழகான ரோஸ் ஆனது. துடைக்கும் திரவம் வேண்டும். அந்தப் புட்டி மாலை போட்டுக்கொண்டு சாமியின் காலடியில் இருக்கிறது. தண்ணீருக்கு எண்ணெய் மசியாது. ஜூதிகா தன் கைகளைப் பார்த்தாள். எண்ணெய்ச் செந்தூரம் முழங்கை வரை ஏறியிருந்தது. வீட்டில் என்றால் இதை எதைப் போட்டுத் தேய்ப்போம் என்று அவள் நினைத்த கணத்தில் பந்தலின் பக்கமிருந்து காற்று கிச்சுரி வாசனையைக் கொண்டுவந்தது.

“சார்!” என்று வாக்கிடாக்கியில் கத்தினாள். “மாஷிகிட்ட கடலை மாவு இருக்கும். பேகுனி பொரிக்க வச்சிருப்பாங்க. உடனே கொண்டு வாங்க!”

“கடலை மாவா?”

“கரைக்காததா வேணும்!”

அதற்குப் பிறகு ஓடுபாதையோரம் நடந்ததை வேலியோரம் நின்றவர்கள் இன்றுவரை சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நிலைய மேலாளர் சான்யால் ஸ்கூட்டரில் பறந்து வந்தார். பின்னால் ரேணு மாஷி ஒரு கையால் அவர் தோளையும் மறு கையால் ஓர் அலுமினியப் பாத்திரத்தையும் பிடித்திருந்தாள். மாவைத் தனியாகக் கொடுத்தனுப்ப அவளுக்கு மனம் இல்லை.

“எவ்வளவு வேணும்?”

“எல்லாமே, மாஷி.”

“எல்லாமேவா? அப்புறம் பேகுனி கொறைஞ்சுதுன்னு ஒருத்தரும் என்கிட்ட வரக் கூடாது. கத்திரிக்காயை அப்படியே கடிச்சுத் தின்னுங்க.” சொல்லிக்கொண்டே அவளே ஒரு பிடி மாவை அள்ளி முதல் கண்ணாடியில் அப்பினாள். “தள்ளு. தேய்க்கறதுன்னா எப்படின்னு நான் காட்டறேன். எண்ணெய்ச் சட்டி தேய்ச்ச கை இது.”

நான்கு பேரும் நான்கு பெட்டிக்கு. சான்யால் தன் புதுக் குர்த்தாவின் நுனியையே துணியாக்கிக்கொண்டார். மாவு எண்ணெயை இழுத்துக்கொண்டு சிவந்த பொருக்காக உதிர்ந்தது. கண்ணாடி கண்ணாடியாயிற்று. வடக்கே விமானத்தின் ஒலி மீண்டும் திரும்பிக்கொண்டிருந்தது.

“விளக்கைப் போடு பெம்பா!” ஜூதிகா முளைகளின் பக்கம் ஓடினாள். “தேய்ச்ச அழுத்தத்துல பெட்டி அசைஞ்சிருக்கலாம். ஆளுக்கொரு முளை. குந்துங்க! சிவப்பு எங்க வெள்ளையாகுதுன்னு சொல்லுங்க!”

வேலியோரம் சனம் ஆர்ப்பரித்தது. நாள்தோறும் ஒருத்தி மட்டும் போட்ட தோப்புக்கரணத்தை இன்று நான்கு பேர் வரிசையாகப் போட்டார்கள். மேலாளர் குந்தினார், எழுந்தார். மாஷி குந்தினாள், எழ ஒரு கை கேட்டாள். முதல் பெட்டியில் ஜூதிகாவின் முழங்கால் பாதி நிமிர்ந்த இடத்தில் வெள்ளை பளிச்சென்று வந்தது. அவள் இரண்டாவதுக்குப் பாய்ந்தாள்: சரி. மூன்றாவது: சரி.

“ஜூதி!” நான்காவது முளையிலிருந்து நிமாயின் குரல் உடைந்தது. “போச்சு! நீ நுனிக்கால்ல நின்னாத்தானே இது வெளுக்கும்? நான் சும்மா நிக்கறேன், முழு வெள்ளையா இருக்கு!”

ஜூதிகா நான்காவது முளைக்கு ஓடினாள். பிறகு அவரை அண்ணாந்து பார்த்தாள்.

“நிமாய்தா, நீங்க பாக்கு மரம் உசரம். நான் ஊமத்தஞ்செடி. நகருங்க.”

குந்தினாள். எழுந்தாள். சிவப்பு. நின்றாள். சிவப்பு. நுனிக்காலில் எம்பினாள். வெள்ளை.

அவர்கள் ஜீப்பருகே ஒதுங்கிய சற்று நேரத்துக்கெல்லாம் விமானம் வயல்களின்மேல் தணிந்து வந்தது. சூரியன் விழுந்துவிட்டிருந்தது, வானத்தில் செம்மை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. வாக்கிடாக்கி கரகரத்தது.

“ரெண்டு வெள்ளை. ரெண்டு சிவப்பு.” கேப்டனின் குரலில் வியப்பு தெரிந்தது. “கோடு போட்ட மாதிரி இருக்கு. என்ன பண்ணினீங்க?”

விமானம் மேலும் சில முறை வந்தது. உயரத்தில் வந்தபோது நான்கும் வெள்ளை. தாழ்ந்து வந்தபோது நான்கும் சிவப்பு. ஓடுபாதையின் கரை விளக்குகளையும் தலைப்பு விளக்குகளையும் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் “சரி” என்று வந்தது. கடைசியாக, “ஷால்டாங்கா, எல்லாம் திருப்தி. அனுமதிக்குச் சொல்லிடறேன். நாங்க கிளம்பறோம்.”

சான்யால் நிமாயைக் கட்டிப்பிடித்தார். மாவும் செந்தூரமும் இரண்டு குர்த்தாக்களுக்கிடையே பரிமாறப்பட்டன. ஜூதிகாவும் சிரித்தாள். ஊருக்கு இரவு விமானம் வந்துவிடும். குளிர்காலம் முடிந்து ஏதோ ஒரு மாலை. அதை யாராவது தொலைபேசியில் அவளுக்குச் சொல்வார்கள். அவள் விமானத்தின் வாலில் சிமிட்டும் சிறு விளக்கைப் பார்த்தபடி நின்றாள்.

கோபுரத்தின் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பெம்பா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் குரலில் அடக்கிய சிரிப்பு திரும்பியிருந்தது.

“கேப்டன், விளக்கை மேலேயிருந்து பார்த்துட்டீங்க. எறங்கிப் பார்க்கலையா?”

“அவசியம் இல்லையே.”

“அவசியம் இல்லைதான். சும்மா சொன்னேன். கீழே விசுவகர்மா பூஜை நடக்குது. கிச்சுரி எறக்கியாச்சு. மேலே நெய் ஊத்தற சத்தம் எனக்கே கேக்குது. தக்காளிச் சட்னி, பாயசம், அப்புறம் பேகுனி.”

கேப்டன் உடனே கேட்டார்:

“பேகுனின்னா?”

“கத்திரிக்காயைப் பட்டையா நறுக்கி மாவுல முக்கிப் பொரிக்கறது, கேப்டன். சூடா இருக்கற வரைக்கும்தான் அதுக்கு அந்தப் பேரு.”

அலைவரிசையில் இன்னொரு குரல், உதவி விமானியுடையது, தூரத்தில் கெஞ்சியது: “மேடம், காலையிலேர்ந்து வெறும் பிஸ்கட்டு மேடம்.”

“ஷால்டாங்கா,” என்றார் கேப்டன் தேஷ்பாண்டே, மிக அலுவல்பூர்வமாக. “ஓடுபாதை விளக்குகளை எறங்கியும் சோதிக்கறது நல்லதுன்னு படுது. அனுமதி கேக்கறேன்.”

“தாராளமா எறங்குங்க.”

இருட்டு இப்போது நன்றாகக் கவிந்திருந்தது. ஓடுபாதை முழுவதும் இரண்டு கோடுகளாக ஒளி. அதன் தலைமாட்டில் இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு. அந்த நான்கு கண்களையும் பிடித்துக்கொண்டு விமானம் ஒரு படி, இன்னொரு படி என்று இறங்கி வந்தது. வயலைத் தாண்டியது. முதல் விளக்கைத் தாண்டியது. சக்கரங்கள் தரையைத் தொட்டபோது எழுந்த கீச்சொலி ஜூதிகாவுக்கு வேறெந்த ஒலியைப் போலவும் இருக்கவில்லை. அவள் பார்த்துக்கொண்ட விளக்குகள் ஒவ்வொன்றாக விமானத்தின் வயிற்றில் மின்னி மின்னிப் பின்னால் போயின. ரேணு மாஷி நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டாள். பந்தலிலிருந்து சங்கு பதில் சொன்னது. வேலியோரம் நின்ற அத்தனை பேரும், நாள் முழுக்கப் பட்டத்துக்குப் போட்ட கூச்சலை விமானத்துக்குப் போட்டார்கள். “போ-காட்டா!” அதற்கு மேலே ஒரு மாட்டுக்காரனின் குரல் தனித்துக் கேட்டது:

“ஜூதிகாதி! மாப்பிள்ளை வந்துட்டான்!”

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கடலை மாவும் செந்தூரமும் முகமெல்லாம் ஒட்டிக்கொண்டன.

கேப்டன் தேஷ்பாண்டே குள்ளமான, நரைத்த தலைமுடியைக் குட்டையாக வெட்டிய பெண். ஏணியிலிருந்து இறங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “அந்த ரோஸ் என்ன?” என்பதுதான்.

சான்யால் தொண்டையைச் செருமினார். “அது வந்து மேடம், வெப்பநிலை மாறுபாட்டினால ஒளிவிலகல்ல ஒரு...”

“பொட்டு வச்சோம் மேடம்,” என்றாள் ஜூதிகா. “பெருசா வச்சுட்டேன். உருகி வழிஞ்சிடுச்சு.”

கேப்டன் அவள் முகத்தைப் பார்த்தார்; மாவைப் பார்த்தார்; தள்ளி நின்ற மேலாளரின் குர்த்தாவைப் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “எத்தனையோ வருஷமா விளக்கு சோதிக்கறேன். பறவைக்கூடு பார்த்திருக்கேன், பாம்புச் சட்டை பார்த்திருக்கேன். எல்லா மிஷினுக்கும் வச்சீங்களா?”

“எல்லாத்துக்கும்.”

“அப்போ எங்க மிஷினுக்கு?”

நிமாய் அதற்குள் செந்தூரத் தட்டோடு வந்து நின்றிருந்தார். யானைமேல் ஏறியவரின் பிரசாதம் வானத்தில் பறப்பதற்கும் போய்ச் சேர்ந்தால் அவருக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் அவர் தட்டை நீட்டியது ஜூதிகாவிடம்.

“எண்ணெய் இல்ல, ஜூதி. வெறும் பொடி. பார்த்துட்டேன்.”

அவள் எம்பி, நான்காவது பெட்டிக்கு நிற்பதுபோல நுனிக்காலில் நின்று, விமானத்தின் மூக்கில் ஒரு பொட்டு வைத்தாள்.

“கண்ணாடியில படாம,” என்றார் கேப்டன்.

“கண்ணாடியில படாம,” என்று ஜூதிகாவும் சொன்னாள்.

பந்தலில் இலை போட்டார்கள். பேகுனி ஆளுக்கு ஒன்றுக்கு மேல் வரவில்லை. மாஷி விருந்தாளிகளுக்கு மட்டும் இரண்டு வைத்துவிட்டு, மற்றவர்கள் கேட்பதற்குள் ஓடுபாதையின் பக்கம் கையைக் காட்டினாள். “மிச்சத்தை அங்க போய்க் கேளுங்க. கண்ணாடிதான் தின்னுச்சு.” சாமியின் காலடியில் கோணமானி சிவப்பு நூல் அவிழாமல் படுத்திருந்தது.

சாப்பிட்டு எழுந்ததும் பழக்கத்தில் ஜூதிகா கொட்டகைக்குப் போய் ஸ்விட்சின்மேல் கை வைத்தாள். இரண்டு வருடங்களாக இந்த நேரத்தில் அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்த்தான் அவளுக்குப் பழக்கம்.

“என்ன ஜூதி, அணைக்கப்போறியா?” என்று பின்னாலிருந்து நிமாய் கேட்டார்.

“எப்படி அணைக்கறது நிமாய்தா?” அவள் கையை எடுத்துக்கொண்டாள். “அவங்க கிளம்ப வேணாமா?”